எந்த வரைபடத்திலும் இல்லாத அளவு

பந்தியில் பாயசம் வந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வீட்டு அண்ணனின் மகன் வந்து தோளைத் தட்டினான். "சித்தப்பா, வண்டியில் ஏபிஎஸ் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?"

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். வைகாசி வெயில். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சரியாகத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. "சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏதோ செய்கிறான்" என்று அம்மா சொல்வாள். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. 16 ஆண்டுகளாக நான் வடிவமைப்பது இரண்டே பொருட்கள். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையம் ஒன்று. அதன் எதிரே அசையாமல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் விரல் பருமன் சென்சார் ஒன்று. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பிரேக் கணினிக்குச் சொல்வது இந்த ஜோடியின் வேலை. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இதை நம்பித்தான் இருக்கிறது.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டப வாசலில் அவன் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தின் அருகே குந்தினேன். என் காரில் எப்போதும் ஒரு பித்தளை ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள், வைத்திருப்பேன். ஏன் பித்தளை என்றால், எஃகுத் தகடாக இருந்தால் சென்சாருக்குள் இருக்கும் காந்தம் அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். தகடு நுழையும்போது விரலுக்குத் தெரிய வேண்டிய அந்த லேசான உரசல் தெரியாமல் போய்விடும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி, வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள இடைவெளியை நான்கு இடங்களில் அளந்தேன். ஓரிடத்தில் 0.7 மி.மீ. நேர் எதிர்ப்பக்கத்தில் 1.5. வளையம் பொரித்த அப்பளம் போல நெளிந்திருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நெளிவு.

"சக்கரத்தைச் சமீபத்தில் கழற்றினாயா?"

"போன வாரம் பஞ்சர், சித்தப்பா."

அவனிடம் நான் சொன்னது ஒரு வரி: வளையத்தை மாற்ற வேண்டும். சொல்லாமல் விட்டதெல்லாம் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் வண்டியைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்ற வேண்டும். இந்த வித்தியாசம் 10 முதல் 20 சதவீதம் இருக்கும்போதுதான் டயர் சாலையை நன்றாகப் பிடிக்கிறது. வித்தியாசம் 100 சதவீதம் ஆனால், அதாவது சக்கரம் பூட்டிக்கொண்டால், டயர் வெறுமனே தேய்ந்துகொண்டு போகும். காரில் இது ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் நேராக வழுக்குவதோடு நிற்கும். இருசக்கர வாகனத்தில் முன் சக்கரம் பூட்டினால் ஓட்டுபவர் தரையில் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் இந்தியாவில் ஏபிஎஸ் கட்டாயம் ஆனது. அந்தத் தேதிகளுக்கு முந்தைய சில ஆண்டுகளில் என்னை வீட்டில் பார்த்தவர்கள் குறைவு.

உலகத்துக்கு இது பழைய சமாச்சாரம். 1950களில் விமானச் சக்கரங்களுக்கு டன்லப் நிறுவனம் மாக்ஸாரெட் என்ற இயந்திர அமைப்பைக் கொடுத்தது. சுழல்சக்கரம் ஒன்றைக் கொண்டே சக்கரம் பூட்டுவதை உணர்ந்தது அது. மின்னணு ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது, போஷ் செய்து கொடுத்தது. மோட்டார் சைக்கிளுக்கு 1988இல் பிஎம்டபிள்யூ கே100 மூலம் வந்தது. நாம் அதற்கு 30 ஆண்டுகள் கழித்துச் சட்டம் போட்டோம். ஆனால் நம் சாலையில் போட்டோம். அது வேறு பாடத்திட்டம்.

பழைய சென்சார் மிக எளிமையானது. ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செம்புக் கம்பிச் சுருள். எதிரே எஃகுப் பல் வரும்போது காந்தப்புலம் கூடும், பள்ளம் வரும்போது குறையும். அந்த ஏற்ற இறக்கத்தில் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். பேட்டரி வேண்டாம், சிப் வேண்டாம். ஃபாரடே சொன்ன விதி அப்படியே கையில் கிடைக்கும். ஆனால் மின்னழுத்தம் பிறப்பது மாற்றத்தின் வேகத்தால். வண்டி பறக்கும்போது வோல்ட் கணக்கில் கத்தும் இது, வண்டி நடக்கும் வேகத்துக்கு வந்ததும் முணுமுணுக்கும். நிற்கப் போகும்போது வாயை மூடிக்கொள்ளும். நிற்கும் தறுவாயில்தான் நமக்கு அதன் வாக்குமூலம் தேவைப்படும்.

இப்போது பயன்படுவது ஆக்டிவ் சென்சார். உள்ளே இருக்கும் சிப் காந்தப்புலத்தின் மாற்ற வேகத்தைப் பார்ப்பதில்லை, புலத்தையே பார்க்கிறது. 1879இல் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர் கண்ணாடி மேல் ஒட்டிய மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரம் ஓடவிட்டுக் காந்தத்தைக் காட்டிக் கண்டுபிடித்த விளைவுதான் இன்று வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த சென்சாரிடம் எனக்கு மிகப் பிடித்தது அது பேசும் முறை. இரண்டே வயர்கள். அந்த இரண்டு வயரிலேயே மின்சாரம் வாங்கிக்கொள்ளும், அதிலேயே பதிலும் சொல்லும். 7 மில்லி ஆம்பியர் இழுத்தால் எதிரே பள்ளம், 14 இழுத்தால் பல். வண்டி நின்றிருந்தாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். சுழியம் என்றால் வயர் அறுந்திருக்கிறது. அளவுக்கு மீறிப் போனால் எங்கோ ஷார்ட். பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்ளும்படி மொழியையே அமைத்திருக்கிறார்கள். இதை யோசித்த பொறியாளரை நேரில் பார்த்தால் ஒரு காபி வாங்கித் தருவேன்.

இனி வளையத்துக்கு வருகிறேன். அதைப் பார்ப்பவர்கள் "இதில் வடிவமைக்க என்ன இருக்கிறது, தகட்டில் ஓட்டை போட்டால் முடிந்தது" என்பார்கள். என் மேலாளர் ஒருவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் வளையத்தில் 48 ஜன்னல்கள், அவற்றுக்கு நடுவே 48 பற்கள். முன் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகும். ஆக ஒரு பல்லுக்குச் சாலையில் 4 செ.மீ. சொச்சம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஒரு பல் கடக்க ஆகும் நேரம் ஒன்றரை மில்லி வினாடி. வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 100 மி.மீ. என்பதால் பல்லுக்குப் பல் இடைவெளி 6.5 மி.மீ. வரும். இப்போது ஒரே ஒரு பல் மட்டும் 0.13 மி.மீ. தள்ளி வெட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தபால் அட்டையின் தடிமன்கூட வராது. ஆனால் அது 2 சதவீதம். கணினியின் கண்ணுக்கு, சக்கரத்தின் வேகம் ஒன்றரை மில்லி வினாடிக்குள் மணிக்கு 2 கி.மீ. குறைந்துவிட்டது. அதை முடுக்கமாக மாற்றினால் புவியீர்ப்பைப் போல 38 மடங்கு. எந்த பிரேக்காலும் ஒரு சக்கரத்தை அப்படி நிறுத்த முடியாது. மென்பொருள் எழுதுபவர்கள் இத்தகைய அபத்தங்களை வடிகட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் அதிகமாக வடிகட்டினால் உண்மையாகவே சக்கரம் பூட்டும் நொடியும் சேர்ந்து வடிந்துவிடும். ஆகவே பஞ்சாயத்து எப்போதும் இப்படித்தான் முடியும்: "தம்பி, நீங்கள் பல்லை ஒழுங்காக வெட்டிக் கொடுங்கள்."

பல்லை ஒழுங்காக வெட்டக் கற்றுக்கொண்டேன். எந்தத் தகட்டில் வெட்டுவது என்பதில்தான் அடிபட்டேன்.

முதல் திட்டத்தில் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். ரகம் எழுதவில்லை. அம்பத்தூரில் ஒரு பிரஸ் பட்டறைக்காரர். நல்ல மனிதர், நேர்மையானவர். முதல் 50 வளையங்களை வெள்ளித் தட்டு போல மினுமினுவென்று செய்து அனுப்பினார். மாதிரிதானே என்று விலை உயர்ந்த 304 ரகத்திலேயே போட்டிருந்தார். சோதனை மேசையில் 0.3 மி.மீ. இடைவெளியில் வைத்தபோது ஏதோ ஒரு நலிந்த அலை வந்தது. 0.8க்கு நகர்த்தினேன். அமைதி. சென்சாரை மாற்றினேன். அமைதி. வயரை மாற்றினேன், மின்வழங்கியை மாற்றினேன், பக்கத்து மேசைக்காரரின் அலைக்காட்டியைக் கடன் வாங்கினேன். இரண்டு நாள் இப்படிப் போனது.

304இல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அந்த நிக்கல் இரும்பின் படிக அமைப்பை மாற்றிவிடுவதால் காந்தம் அதைக் கண்டுகொள்ளாது. நிக்கல் இல்லாத 430 ரகத்தைத்தான் காந்தம் பிடிக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு வந்த பிறகு நம் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என் மனைவி பாத்திரக்கடைக்குப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போவாள். எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் ஒட்டினால் வாங்குவாள், இல்லையென்றால் கீழே வைத்துவிடுவாள். அந்தச் சோதனை வளையத்துக்கும் நடந்திருக்கத்தான் செய்தது. எங்கள் தரப் பரிசோதகர் காந்தம் வைத்துப் பார்த்தார், ஒட்டியது. எப்படி? 304ஐ பிரஸ்ஸில் வெட்டும்போது, வெட்டுவாய் ஓரங்களில் உலோகம் நசுங்கி அங்கே மட்டும் படிக அமைப்பு மாறும். அந்த ஓரங்கள் லேசாகக் காந்தத்தை இழுக்கும். 48 ஜன்னல்கள் என்றால் ஓரத்துக்கா பஞ்சம்? காந்தம் எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு ஓரத்தில் ஒட்டியது. மேசையில் வந்த அந்த நலிந்த அலையும் ஓரங்களின் தயவுதான்.

பட்டறைக்காரரிடம் பேசியபோது, "நல்ல மெட்டீரியல் போட்டால் தப்பா சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் செய்தது என் வரைபடத்தின்படி சரியே. அன்றிலிருந்து என் வரைபடங்களில் ரகம், தடிமன், வெட்டுவாய் பிசிறு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது வரை எழுதுகிறேன். இப்போது சிலர் நான் அதிகமாக எழுதுவதாகக் குறைப்படுகிறார்கள்.

ஆனால் வரைபடத்தில் எவ்வளவு எழுதினாலும் எழுதவே முடியாத ஓர் அளவு இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவைத் தொடங்கினேன்.

வளையத்துக்கும் சென்சார் மூக்குக்கும் நடுவே உள்ள இடைவெளி. பட்டறையில் வெறும் "கேப்". எங்கள் சென்சாருக்கு அது 0.8 மி.மீ. இருக்க வேண்டும், 0.3க்குக் கீழே போனால் உரசும் ஆபத்து, 1.3க்கு மேலே போனால் சமிக்ஞை அறுபடும். ஏபிஎஸ் சரியாக வேலை செய்வது இந்த ஓர் அளவைப் பொறுத்தது. ஆனால் வளையத்தின் வரைபடத்தில் இது இருக்காது. சென்சாரின் வரைபடத்தில் இருக்காது. ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), பிராக்கெட் (சென்சாரைத் தாங்கும் துண்டு), எதன் வரைபடத்திலும் இருக்காது. ஏனென்றால் அது ஒரு பொருளே இல்லை, வெற்றிடம். ஹப்பைக் கடைந்தவர் ஒருவர், வளையத்தை வெட்டியவர் ஒருவர், பேரிங் ஒருவர், ஃபோர்க் வார்ப்பு ஒருவர், பிராக்கெட்டை வளைத்தவர் ஒருவர், சென்சார் நாங்கள். இத்தனை பேர் கைப்பிழையும் மிச்சம் விட்டதுதான் அந்த இடைவெளி.

ஏழு அளவுகள், ஒவ்வொன்றிலும் கூடவோ குறையவோ 0.1 மி.மீ. பிழை இருக்கலாம் என்றால், எல்லாம் ஒரே திசையில் கெட்டுப்போகும்போது 0.7 மி.மீ. தவறும். நமக்கு அனுமதி 0.5தான். புள்ளியியல்காரர்கள் வந்து, ஏழும் ஒரே நாளில் ஒரே பக்கம் சாயாது, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுங்கள், 0.26தான் வரும் என்பார்கள். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கு, ஒவ்வொருவரின் பிழையும் மற்றவரைப் பொருட்படுத்தாமல் தன்னிச்சையாக விழும் என்று நம்புகிறது. பிரஸ்ஸில் தகட்டை வெட்டும் அச்சு, அதாவது டை, தேயத் தொடங்கினால் அன்றிலிருந்து வரும் ஆயிரம் பிராக்கெட்டும் ஒரே பக்கம்தான் சாயும்.

எங்களைச் சாய்த்தது டை அல்ல, பெயின்ட். சோதனை ஓட்டத்தில் இருந்த வண்டிகளில் சிலவற்றில் இடைவெளி 1.2ஐத் தொட்டது, ஒன்றில் தாண்டியது. வளையம் சரி, ஹப் சரி, சென்சார் நீளம் சரி. கூட்டம் போட்டோம். எல்லோரும் அறிக்கையோடு வந்தார்கள், எல்லோருடைய அறிக்கையிலும் பச்சை நிறம். பலர் கண்ட பாம்பு சாகாது என்பார்களே, அந்தக் கூட்டம் அப்படித்தான் இருந்தது. கடைசியில் ஒரு பிராக்கெட்டை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. பிராக்கெட்டின் அளவுகளெல்லாம் வெறும் உலோகத்தில் எடுத்தவை. அதற்குப் பிறகு அதன்மேல் கறுப்புப் பவுடர் கோட்டிங் ஏறுகிறது. ஒரு முகத்துக்கு 80 மைக்ரான், அதாவது 0.08 மி.மீ. ஃபோர்க்கில் உட்காரும் முகத்தில் ஒன்று, சென்சார் உட்காரும் முகத்தில் ஒன்று. அழகுக்காகப் பூசிய சாயம் சென்சாரைத் தள்ளி, இடைவெளியை 0.16 மி.மீ. கூட்டியிருக்கிறது. அதுவும் எல்லா வண்டியிலும் ஒரே திசையில்.

அசெம்பிளி லைனில் ஒருவர் உடனே தீர்வு சொன்னார்: சென்சாருக்குக் கீழே இருக்கும் வாஷரை மெல்லியதாக மாற்றினால் போதும். நியாயமான யோசனைதான். நான் பிடிவாதமாக மறுத்தேன். தொழிற்சாலையில் போடும் வாஷர் முதல் சர்வீசில் தரையில் உருண்டு சாக்கடைக்குள் போகும். மெக்கானிக் கைக்குக் கிடைத்த வேறொரு வாஷரைப் போடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த இரு முகங்களிலும் சாயம் படாமல் மறைத்துவிட்டுப் பூச வேண்டும் என்று கேட்டேன். ஒரு பிராக்கெட்டுக்குச் சில பைசாக்கள் கூடும். அந்தச் சில பைசாவுக்காகக் கொள்முதல் துறையோடு நான்கு மாதம் மல்லுக்கட்டினேன். அதற்குள் வேறு ஒரு காரியமும் செய்தேன்: முன் சக்கரத்தின் அசெம்பிளி வரைபடத்தில் அந்த இடைவெளியைக் கட்டம் போட்டு, எண் கொடுத்து, கீழே பொறுப்பாளர் என்று ஒரு பெயர் எழுத வைத்தேன். எழுதியது என் பெயர். வெற்றிடத்துக்குச் சொந்தக்காரன் ஆனேன்.

தண்ணீர் விஷயம் தனிப் பதிவாக எழுத வேண்டியது. கொஞ்சமாவது சொல்லாமல் விட மனமில்லை. பிரேக் டிஸ்க் பக்கத்தில் இருப்பதால் சென்சார் சூடாகும். சூடானால் உள்ளே மிச்சமிருக்கும் துளிக் காற்று விரியும். அந்த நேரம் வண்டி ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கினால், காற்று சட்டென்று சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். குடிக்கக் கற்றுக்கொண்ட சென்சார் பிறகு நிறுத்தாது. இதைத் தடுக்க உள்கூட்டின்மேல் காகிதம் போல மெல்லிய வரம்புகள் வைக்கிறோம். வெளிப்பிளாஸ்டிக்கைச் சூடாக ஊற்றும்போது அந்த வரம்புகள் உருகி இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படியும் ஒரு தொகுதி சென்சார்கள் உப்புநீர்ச் சோதனையில் செத்தன. ஒளிரும் சாயம் கலந்த நீரில் முக்கி, அறுத்து, புற ஊதா விளக்கின் கீழ் பார்த்தோம். கூட்டின் மூட்டுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. சாயம் வந்திருந்தது கேபிளுக்குள்ளிருந்து. ஒரு மீட்டருக்கு அப்பால், மறுமுனைக் கனெக்டரில் புகுந்த தண்ணீர், முறுக்கிய செம்பு இழைகளுக்கு நடுவே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி வந்திருக்கிறது. நாங்கள் வாசலைப் பூட்டிவிட்டுக் காவல் இருந்தோம். திருடன் கொல்லைப்பக்கம் வந்திருக்கிறான்.

சரி, கல்யாண மண்டபத்துக்குத் திரும்புகிறேன். அண்ணன் மகனிடம் அந்தப் பஞ்சர் கடை எங்கே என்று கேட்டேன். "அவரோடு சண்டை போடப் போகிறீர்களா?" என்று பயந்தான். இல்லை, பார்க்க வேண்டும் என்றேன். அவன் பின்னால் உட்கார்ந்து போனேன், பட்டு வேட்டியோடு.

புங்க மரத்தடியில் ஒரு கம்ப்ரஸர், ஒரு தண்ணீர்த் தொட்டி, தொங்கவிட்ட டயர் ஒன்று. கடைக்காரருக்கு 60 வயது இருக்கும். அப்போது ஒரு சக்கரத்தை வெறும் தரையில் படுக்கப்போட்டு, டயரின் விளிம்பில் காலை வைத்து மிதித்துக்கொண்டிருந்தார். டிஸ்க்கும் வளையமும் கீழ்ப்பக்கம். அவருடைய மொத்த எடையும் ஹப் வழியாக இறங்கி, எங்கே ஒரு கல் இருக்கிறதோ அங்கே முடிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பார்வை போன இடத்தை அவரே கவனித்துவிட்டார்.

"டிஸ்க் வண்டி என்றால் பழைய டயரைக் கீழே போட்டுக்கொள்வேன் தம்பி. அதை நேற்று எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான்" என்றார்.

பிறகு தானாகவே டிஸ்க்கைச் சுட்டிக்காட்டினார். "இது தடிமனாக இருக்கிறது, தாங்கும். உள்ளே இந்தச் சல்லடை மாதிரி இருக்கிறதே, இதை ஏன் இவ்வளவு வெளியே துருத்திக்கொண்டு வைத்திருக்கிறார்கள்? கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் என்ன?"

என் வளையம் டிஸ்க்கின் மட்டத்தைவிட 1 மி.மீ. வெளியே நிற்கிறது. சென்சாரின் மூக்கு குட்டையாக இருந்தால் அதிர்வைத் தாங்கும் என்பதற்காக நான் எடுத்த முடிவு அது. டிஸ்க் மட்டத்துக்கு 2 மி.மீ. உள்ளே தள்ளினால், சக்கரத்தை எப்படிப் படுக்கப்போட்டாலும் டிஸ்க்தான் முதலில் தரையைத் தொடும், வளையம் பிழைக்கும். ஆனால் சென்சார் மூக்கு 3 மி.மீ. நீள வேண்டும், பிராக்கெட் தடிமனாக வேண்டும், ஏழு அளவுகள் எட்டாகும்.

பேரனுக்கு பேரன் பார்க்கும் வயதில்கூட இந்தக் கணக்கு தீராது போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, அவரிடம் ஒரு காகிதம் கேட்டேன். பஞ்சர் ஒட்டும் பசையின் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொடுத்தார். அதன் பின்புறத்தில் புது இடைவெளிக் கணக்கின் முதல் வரியை எழுதும்போதே, மண்டபத்திலிருந்து மூன்றாவது முறையாக போன் வந்தது. தாம்பூலப் பை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.